கவுன்டரே இல்லாத மருந்தகத்தில் ஆய்வாளர் எதைப் பார்க்க வேண்டும்?

இரவுப்பணி (இழையைத் தொடங்கியவர்)

நான் மருந்தாளுநர். வாடிக்கையாளர் யாரும் உள்ளே வர முடியாத மருந்தகம் ஒன்றில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கதவு உண்டு, பதிவெண் உண்டு, குளிர்பதனப் பெட்டி உண்டு. கவுன்டர் மட்டும் கிடையாது. மருந்துச்சீட்டு கணினித் திரையில் வரும், மருந்து பெட்டியில் ஏறி நோயாளியின் வீட்டுக்குப் போகும். எங்கள் இடத்தில் அண்மையில் ஆய்வு நடந்தது. அதில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல்தான் வந்தார். வழக்கமாகப் பார்ப்பதையெல்லாம் பார்த்தார். குளிர்பதனப் பெட்டியின் குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலைப் பதிவு, காலாவதித் தேதி, போதைப்பழக்க ஆபத்துள்ள கட்டுப்பாட்டு மருந்து அலமாரியின் சாவி யாரிடம், அன்றைய பொறுப்பு மருந்தாளுநர் யார், எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. எங்களுக்கு அதில் பயமே இல்லை. அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். “போன மாதம் நீங்கள் அனுப்ப மறுத்த ஆர்டர்களைக் காட்டுங்கள்” என்றார்.

எங்களால் காட்ட முடியவில்லை. அனுப்பியவற்றின் கணக்கு பேட்ச் எண் வரை துல்லியமாக இருந்தது. மறுத்தவையோ “ரத்து” என்ற ஒரே பிரிவில், பணம் செலுத்தாதவை, சரக்கு இல்லாதவை எல்லாவற்றோடும் கலந்து கிடந்தன. அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். ஒன்றில் நின்றார். நாப்ராக்ஸன் என்ற வலி மருந்தைக் கேட்டவர். இணையப் படிவத்தில் “சிறுநீரகக் கோளாறு உண்டா?” என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்தியிருக்கிறார். உங்களுக்கு இந்த மருந்து தர இயலாது என்று படிவம் சொல்லியிருக்கிறது. மூன்று நிமிடம் கழித்து, அதே பெயர், அதே முகவரி, புதிய படிவம். இம்முறை இல்லை என்று அழுத்தியிருக்கிறார். சீட்டு எழுதியவர் பார்த்தது இரண்டாவது படிவத்தை மட்டும்தான். நான் பார்த்தது சீட்டை மட்டும்தான். பெட்டி போய்விட்டது. அதன் லேபிளில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் முதலெழுத்து இருக்கிறது.

அன்றே அந்த நோயாளியைத் தொலைபேசியில் பிடித்தோம். நிறுத்திவிட்டார். சிறுநீரக மருத்துவரிடமும் சொல்லியாயிற்று. அவருக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அவருக்கு எதுவும் ஆகாததற்கு நான் செய்த எந்த வேலையும் காரணமில்லை என்பது எனக்குத் தெரியும்.

என் கருத்து இதுதான். கடையில் ஒருவர் கவுன்டருக்கு வந்து தயங்கினால் மருந்தாளுநருக்கு அது தெரியும். பெட்டியில் மட்டும் விற்கும் இடத்தில் அந்தத் தயக்கம் விழுந்து கிடக்கும் ஒரே இடம், மறுத்த ஆர்டர்களும் திருத்திய பதில்களும்தான். ஆய்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வெண்தாழை

நான் துறை ஆள் இல்லை, நோயாளியின் மகள். அம்மாவுக்கு இன்சுலின் இப்படித்தான் வீட்டுக்கு வருகிறது. போன முறை வந்த பெட்டிக்குள் ஐஸ் பேக் முழுக்க உருகி, இன்சுலின் ஊசிப் பேனாக்கள் கையில் வெதுவெதுப்பாக இருந்தன. மருந்தகத்துக்குப் போன் செய்தால், “அனுப்பும்போது சரியாகத்தான் இருந்தது” என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டிய பதில் அது இல்லையே! இதையெல்லாம் ஆய்வாளர் பார்ப்பாரா? எங்கள் வீட்டு வாசலில் வந்தா பார்ப்பார்?

குறிநிரல்

இரவுப்பணி சொன்ன அந்தப் படிவம் மாதிரி ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். மென்பொருள் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

பதில்களை வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கடைசிப் பதிலை மட்டும் வைப்பது. முந்தையதன் மேலேயே புதியது எழுதப்படும். இன்னொன்று, ஒவ்வொரு அழுத்தத்தையும் நேரத்தோடு தனி வரியாகச் சேர்ப்பது, எதையும் அழிக்காமல். இரண்டாவதற்கு அதிகச் செலவு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் சேமிப்பிடம், கொஞ்சம் கவனம், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வேலை கொடுத்தவர்கள் கேட்டது வேறு. எந்தக் கேள்வியில் ஆட்கள் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று பார்த்து அந்த இடத்தை மென்மையாக்கச் சொன்னார்கள். துணிக்கடை இணையதளத்துக்கு அது நியாயமான கோரிக்கை. மருந்துப் படிவத்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுவதுதான் பல நேரம் சரியான முடிவு. எனக்கு அது அப்போது புரியவில்லை. எந்தப் பதில் “தவறு” என்று சிவப்பு எழுத்தில் காட்டும் வசதியை நான்தான் சேர்த்தேன். அதைப் பார்த்து மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் வழி கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஜன்னலோரம்

எல்லோரும் கடை கவுன்டரைப் பொற்காலம் மாதிரிப் பேசுகிறீர்கள். எனக்குத் தசைச் சிதைவு நோய். படிக்கட்டு உள்ள எந்தக் கடையும் எனக்கு மூடிய கடைதான். போக முடிந்த நாட்களிலும், நான்கு பேர் நிற்கும் வரிசையில் என் மருந்தின் பெயரை மருந்தாளுநர் உரக்கச் சொல்வார். பின்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பெட்டியில் வருகிற மருந்து எனக்கு மரியாதையைத் திருப்பித் தந்தது. ஆய்வு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு புதுக் கட்டுப்பாடும் முதலில் என் மாதிரி ஆட்களின் வாசலில்தான் வந்து விழுகிறது, அதை மறக்காதீர்கள்.

இரவுப்பணி

ஜன்னலோரம், நீங்கள் சொல்வது சரி. நான் கவுன்டரைப் புகழ வரவில்லை. பரபரப்பான கடையில் நின்று வேலை பார்த்தவன் நான், அங்கே எத்தனை உரையாடல் நடக்கவே இல்லை என்றும் தெரியும். இருந்தாலும் ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தவறுதலாகத் தினமும் எடுத்து உயிரே போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதனால் கவுன்டரில் கொடுக்கும்போது “எந்தக் கிழமை எடுக்கிறீர்கள்?” என்று கேட்டு, அந்தக் கிழமையை லேபிளில் எழுதித் தருவது நல்ல பழக்கம். பதில் சொல்ல ஒரு நொடி தடுமாறினாலே மேலும் கேட்போம். பெட்டியில் அனுப்பும்போது இந்தக் கேள்வியை யார், எப்போது, எப்படிக் கேட்டார்கள்? போன் செய்தோமா? கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது என்று பார்த்தோமா? ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், மனநலச் சிகிச்சைக்குத் தரும் லித்தியம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கேட்டதற்குத் தடயம் இருந்தால் ஆய்வாளர் பார்க்கலாம். தடயம் இல்லை என்றால் கேட்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வரும் பெட்டியை யாரும் தடுக்க வேண்டாம். பெட்டிக்கு முன்னால் ஒரு மனிதக் குரல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஓய்வில்

நான் இத்தகைய ஆய்வுகளைச் செய்தவன், இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஆய்வாளர் கையில் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். என் கையில் இருந்தது ஒரு முகவரி. அந்த முகவரியில் உள்ள அறைகள், அங்கே வேலை பார்ப்பவர்கள், அங்கே உள்ள பதிவேடுகள். இணையதளம் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், சீட்டு எழுதுபவர் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பார், பணம் மூன்றாவது இடத்துக்குப் போகும். நோயாளிக்கு இது ஒரே கடை. சட்டத்துக்கு நான்கு தனித்தனி விஷயங்கள்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தகக் கட்டடத்தையும் மருந்தாளுநரையும் பதிவு செய்து ஆய்வு செய்வது ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சில். நிர்வாகம், பணியாளர், கட்டடம், சேவை, கருவிகள் என்று ஐந்து கோட்பாடுகளை வைத்துப் பார்ப்பார்கள். 2019 முதல் அறிக்கைகளைப் பொதுவில் வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இங்கிலாந்தில் மருத்துவர்கள் இணையம் வழியே சீட்டு எழுதித் தரும் சேவையோ கேர் குவாலிட்டி கமிஷன் என்ற வேறொரு அமைப்பின் கீழ் வருகிறது. ஆக, படிவம் ஒருவர் கண்ணில், பெட்டி இன்னொருவர் கண்ணில். இரவுப்பணி சொன்ன அந்த மூன்று நிமிடம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அவருடைய ஆய்வாளர் அந்த நடுப்பகுதியைத் தேடிப் போனார் பாருங்கள், அது பயிற்சியால் மட்டும் வருவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அஞ்சல் வழி மருந்து பற்றிய பெரிய வழக்கு டாக்மாரிஸ். நெதர்லாந்திலிருந்து ஜெர்மனிக்கு அனுப்பிய மருந்தகம் அது. மருத்துவர் சீட்டு தேவைப்படாத மருந்துகளை அப்படி விற்பதை ஒரு நாடு முழுவதுமாகத் தடுக்க முடியாது, சீட்டு தேவைப்படுபவற்றைத் தடுக்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பிறகு போலி மருந்துகளுக்கு எதிரான 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி 2015 ஜூலை 1 முதல் இணைய மருந்தகங்கள் பொதுச் சின்னம் ஒன்றைத் தங்கள் தளத்தில் காட்ட வேண்டும். பச்சைப் பட்டைகளும் வெள்ளைச் சிலுவையும் கொண்டது, அந்தந்த நாட்டுக் கொடியோடு. மக்கள் பெரும்பாலும் சின்னத்தைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். படத்தை யாரும் நகல் எடுக்கலாம்! அதை அழுத்தினால் அந்த நாட்டு அரசு அமைப்பின் பட்டியலுக்குப் போக வேண்டும், அந்தப் பட்டியலில் கடையின் பெயர் இருக்க வேண்டும். அழுத்திப் பார்க்காத வரை அது வெறும் படம்.

அமெரிக்காவில் சட்டம் ஒரு மரணத்திலிருந்து பிறந்தது. ரையன் ஹெய்ட் என்ற 18 வயது இளைஞர், தன்னை நேரில் பார்த்திராத மருத்துவர் எழுதிய சீட்டில் இணையம் வழியாக வாங்கிய ஹைட்ரோகோடோன் வலி மாத்திரையால் 2001-இல் இறந்தார். 2008-இல் அவர் பெயரிலேயே வந்த சட்டம், கட்டுப்பாட்டு மருந்துகளை இணையம் வழி எழுதுவதற்கு முன் ஒருமுறையாவது நேரில் பரிசோதித்திருக்க வேண்டும் என்றது. கொரோனா காலத்தில் அதைத் தளர்த்தினார்கள். தளர்த்தியதால் பலன் பெற்றவர்களும் உண்டு, ஜன்னலோரம் மாதிரி.

இந்தியாவில் 2018 ஆகஸ்டில் வெளியான மின்-மருந்தக வரைவு விதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு என்று இருந்தது. கட்டடத்துக்கு அது போதலாம். இணையதளம் ஒரே இரவில் மாறும். நான் திங்கட்கிழமை பார்த்த படிவம் வெள்ளிக்கிழமை இருக்காது. அதனால் நான் ஆய்வுக்குப் போவதற்கு முந்தைய நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து தளத்தை முழுக்கப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஆலோசனைக்கு முன்பே மருந்தையும் அளவையும் தேர்ந்தெடுக்க விடுகிறதா என்பதுதான் முதல் குறிப்பு. பிரிட்டன் வழிகாட்டுதல் அப்படி விடக்கூடாது என்கிறது. காரணம் எளிது: கூடையில் போட்டுவிட்ட பிறகு நடப்பது ஆலோசனையாக இருக்காது, தன் தேர்வுக்கு ஒப்புதல் வாங்கும் வேலையாகிவிடும்.

கயல்_மரு

சீட்டு எழுதும் பக்கத்திலிருந்து ஒன்று. இப்படி ஒரு சேவையில் சில மாதங்கள் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஊதியம் எழுதிய சீட்டின் எண்ணிக்கைக்கு. மறுத்தால் காசு இல்லை. யாரும் என்னை மறுக்காதே என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆய்வில் இந்த ஊதிய ஒப்பந்தத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எந்த வெப்பநிலைப் பதிவை விடவும் அது அதிகம் சொல்லும்.

2025 பிப்ரவரியில் பிரிட்டனின் அந்த பார்மசூட்டிகல் கவுன்சில் விதிகளை இறுக்கியது நல்ல மாற்றம். உடல் எடை குறைக்கும் ஊசி கேட்பவர் படிவத்தில் எழுதிய எடையை அப்படியே நம்பிச் சீட்டு எழுதக் கூடாது. காணொளி, நேரில் பார்ப்பது, மருத்துவப் பதிவு, வழக்கமான மருத்துவரிடம் கேட்பது, இவற்றில் ஏதாவது ஒன்றின் மூலம் தனியாக உறுதிசெய்ய வேண்டும். இதில் எடை கூடியவரை விட எனக்குக் கவலை வேறு. சாப்பிடவே மறுக்கும் நோய் உள்ள பெண் படிவத்தில் 95 கிலோ என்று எழுதுவாள். பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். படிவத்துக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

பொட்டலம்

நான் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள். என்னை இதுவரை யாரும் ஆய்வு செய்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

மருந்துப் பெட்டி என்று வெளியே எழுதியிருக்காது, அது சரிதான், அந்தரங்கம் முக்கியம். ஆனால் “குளிரில் வைக்கவும்” என்று கூட இல்லை என்றால் வெயிலில் நிற்கும் வண்டியில் எல்லாவற்றோடும் அதுவும் கிடக்கும். வீட்டில் ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கொடுக்கலாமா, கதவருகே வைக்கலாமா, திரும்பக் கொண்டுபோகணுமா என்று எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு முறை கதவைத் திறந்தது ஆறேழு வயதுப் பிள்ளை. பெரியவர் வரும்வரை வாசலிலேயே காத்திருந்தேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் நின்றேன். வேறொருவர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், அவரையும் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடும்.

ஒரு சந்தேகம். திரும்பக் கொண்டுபோகும் பெட்டியை மருந்தகத்தில் என்ன செய்கிறார்கள்?

இரவுப்பணி

அண்ணே, நல்ல கேள்வி. ஒருமுறை எங்கள் கையை விட்டுப் போன மருந்து எந்த வெப்பத்தில், யாரிடம் இருந்தது என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. அதனால் அலமாரிக்குத் திரும்பக் கூடாது, தனியாக வைத்து அழிக்க வேண்டும். எங்கள் ஆய்வாளர் திரும்பிய பெட்டிகளின் எண்ணிக்கையையும் அழித்தவற்றின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டார். பொருந்தியது. அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். பிள்ளை கதை எங்கள் பயிற்சிக் குறிப்பில் ஏற வேண்டிய விஷயம், ஊர் பேர் சொல்லாமல் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜன்னலோரம்

டாக்டர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் காணொளி மட்டும்தான் வழி என்று ஒரு கடை வைத்துவிட்டால், காது கேளாதவர், பேச்சு தெளிவில்லாதவர், என் மாதிரி கேமராவைக் கையில் பிடிக்க முடியாதவர் எல்லாம் வெளியே. விதி நான்கு வழி தருகிறது, கடை தனக்கு மலிவான ஒன்றை மட்டும் தரும். ஆய்வாளர் இதையும் கேட்கட்டும். மறுத்தவர்களின் பட்டியலில் எத்தனை பேர் மருத்துவக் காரணத்துக்காக மறுக்கப்பட்டார்கள், எத்தனை பேர் வசதி இல்லாததால் விடுபட்டார்கள்? இரவுப்பணி கேட்கும் அதே பதிவேடு எனக்கும் வேண்டும், வேறு காரணத்துக்காக.

ஓய்வில்

ஜன்னலோரம், என் பணிக்காலம் முழுவதும் நான் இதைக் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

குறிநிரல்

அப்படியென்றால் பதிவேட்டில் மறுப்புக்குக் காரணம் கட்டாயம். சும்மா “ரத்து” என்று வைக்க முடியாதபடி அமைக்கலாம். மருத்துவக் காரணம், அடையாளம் உறுதியாகவில்லை, தொடர்புகொள்ள முடியவில்லை, பதில் திருத்தப்பட்டது, நோயாளியே விலகினார். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் ஆர்டர் மூடும். ஒரே முகவரி, ஒரே வங்கி அட்டை, வெவ்வேறு பெயர் என்று வந்தாலும் சீட்டு எழுதுபவர் திரையில் முந்தைய படிவமும் பக்கத்திலேயே திறக்க வேண்டும். பழைய படிவத்தை அவர் தேடிப் போகும்படி வைத்தால் யாரும் தேட மாட்டார்கள். இரவுப்பணி, உங்கள் இடத்தில் யாராவது இதைச் செய்கிறார்களா? இல்லையென்றால் தனிமடலில் எழுதுங்கள், அமைப்பை வரைந்தே தருகிறேன்.

இரவுப்பணி

எழுதுகிறேன், நன்றி.

வெண்தாழை, உங்கள் கேள்விக்கு இத்தனை நேரம் பதில் சொல்லாமல் விட்டுவிட்டோம், மன்னியுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனா பெரும்பாலும் அறை வெப்பநிலையில் 28 நாள் வரை தாங்கும், வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். அதனால் சில மணி நேர வெதுவெதுப்பு என்றால் உடனே கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை மணி நேரம், எவ்வளவு வெப்பம் என்று உங்களுக்கும் தெரியாது, போனில் பேசியவருக்கும் தெரியாது. தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தாலோ கட்டி தட்டியிருந்தாலோ தொடவே வேண்டாம். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வீரியம் குறைந்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஐஸ் பேக் நேரடியாக ஒட்டி உறைந்த பேனா இதைவிட மோசம், உறைந்தது உருகினாலும் உதவாது.

ஆய்வாளர் உங்கள் வாசலுக்கு வர மாட்டார். ஆனால் அந்தப் பெட்டி முறையைச் சோதித்தார்களா என்று கேட்பார். வெப்பநிலை பதியும் சிறு கருவியைப் பெட்டிக்குள் வைத்து, கோடைக்காலத்தில், மிக நீண்ட பயணத்துக்கு அனுப்பிப் பார்த்த முடிவு மருந்தகத்தில் இருக்க வேண்டும். நீங்களும் அதையே கேளுங்கள்: இந்தப் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எப்போது சோதித்தீர்கள், என் பெட்டி எத்தனை மணி நேரம் வழியில் இருந்தது? எழுத்தில் கேளுங்கள். புகார்ப் பதிவேட்டையும் ஆய்வாளர் திறப்பார், போனில் பேசியது பல நேரம் அதில் ஏறாது. அதுவரை அந்தப் பேனாக்களைப் பயன்படுத்தாமல் தனியே வைத்துவிட்டு மாற்று வாங்குங்கள். அம்மாவின் சர்க்கரை அளவைக் கொஞ்சம் அடிக்கடி பாருங்கள்.

வெண்தாழை

இரண்டு கேள்வியையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். நேற்று அவர்களுடைய மருந்தாளுநரே அழைத்தார். அந்தப் பெட்டி 24 மணி நேரத்துக்குத்தான் சோதிக்கப்பட்டதாம், எங்களுடையது 41 மணி நேரம் வழியில் இருந்திருக்கிறது. ஒளிக்காமல் சொன்னார். புதிய பேனாக்கள் இன்று காலை வந்தன, ஐஸ் பேக் இன்னும் கட்டியாக இருந்தது. பெட்டிக்கு வெளியே “குளிரில் வைக்கவும்” என்று ஒட்டியிருந்தார்கள். பொட்டலம் அண்ணனுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.